ஆய்வுக் கப்பலில் மரைன் டெக்னீஷியன் பயிற்சி: பெட்டி கட்டுவது முதல் கடைசி காஸ்ட் வரை

ஆய்வுக் கப்பலில் மூன்று வகை ஆட்கள் இருப்பார்கள். கேப்டன், அவருக்குக் கீழ் அதிகாரியான மேட், இன்ஜினியர், தள வேலையாட்களின் தலைவரான போசன், சமையல்காரர் எல்லாம் கப்பலைச் சேர்ந்தவர்கள். தலைமை விஞ்ஞானியும் அவருடைய மாணவர்களும் ஒரு பயணத்துக்கு வந்துபோகிறவர்கள். இவர்களுக்கு நடுவில், கப்பலின் அறிவியல் கருவிகள் அத்தனைக்கும் பொறுப்பாக இருப்பவர் மரைன் டெக்னீஷியன். கேபிளை விட்டுச் சுருட்டும் வின்ச்சில் தொங்கும் கருவிக்கும் அவர்தான் பொறுப்பு, சர்வரில் வந்து விழும் டேட்டாவுக்கும் அவர்தான் பொறுப்பு. பயிற்சியாளர் என்பவர் அவருக்குக் கையாள்.

இங்கே எழுதுவது அமெரிக்காவில் யூனால்ஸ் என்ற கடலியல் ஆய்வு நிறுவனங்களின் கூட்டமைப்பின் கீழ் ஓடும் பல்கலைக்கழகக் கப்பல்களை வைத்து. ஸ்கிரிப்ஸ் கடலியல் நிறுவனத்தின் ரோஜர் ரெவெல், சாலி ரைடு, உட்ஸ் ஹோல் கடலியல் நிறுவனத்தின் அட்லாண்டிஸ், நீல் ஆம்ஸ்ட்ராங், அலாஸ்கா பல்கலைக்கழகத்தின் சிக்குலியாக், ஹவாய் பல்கலைக்கழகத்தின் கிலோ மோவானா ஆகியவை இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை. இவற்றில் மாணவர்களை ஏற்றிப் பயிற்சி தருவதற்கு மேட் (MATE) என்ற கடல் தொழில்நுட்பக் கல்வி மையத்தின் திட்டம் பல ஆண்டுகளாக வழி செய்துவந்திருக்கிறது. கருவிகள் உலகெங்கும் ஏறத்தாழ ஒன்றுதான் என்பதால், பள்ளிக்கரணையில் இருக்கும் தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனமான என்.ஐ.ஓ.டி.யின் சாகர் நிதி கப்பலில் ஏறுகிறவருக்கும், கீழே வரும் சிடிடி என்ற கடல்நீர் அளவுகருவி பற்றிய பகுதி பெரும்பாலும் பொருந்தும்.

விண்ணப்பிக்கக் கடலியல் பட்டம் வேண்டுமா என்று பலரும் தயங்குகிறார்கள். மல்டிமீட்டர் பிடிக்கவும், ஒயர் சால்டர் செய்யவும், ஐபி முகவரி என்றால் என்னவென்று சொல்லவும் தெரிந்த பாலிடெக்னிக் மாணவர் இந்த வேலையில் சீக்கிரம் ஒட்டிக்கொள்வார். கடலியலைக் கப்பலிலேயே கற்றுக்கொள்ளலாம். அறுபதாவது தடவையும் முதல் தடவையைப் போலவே சரிபார்க்கும் பழக்கத்தை மட்டும் கரையிலிருந்தே கொண்டுவர வேண்டும்.

ஏறுவதற்கு முன்

மருத்துவப் படிவத்தை முதலில் முடியுங்கள். கடலில் ஆஸ்பத்திரி பல நாள் தூரத்தில் இருக்கும். தினமும் சாப்பிடும் மருந்து இருந்தால் பயண நாட்களைவிட இரண்டு வாரத்துக்குக் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். மூக்குக்கண்ணாடி போடுகிறவர்கள் இரண்டாவது ஜோடி கொண்டுவர வேண்டும். பல் வலி இருந்தால் ஏறுவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள், நடுக்கடலில் அதற்கு வைத்தியம் இல்லை.

பெட்டியில் கட்டாயம் இருக்க வேண்டியவை: எஃகு முனை வைத்த பூட்ஸ், மழை உடை, சிவப்பு வெளிச்சமும் உள்ள தலை விளக்கு, கயிறு கட்டி இடுப்பில் மாட்டக்கூடிய கத்தி அல்லது மல்டிடூல், நனைந்தாலும் எழுதக்கூடிய நோட்டு, பென்சில். பேனா வேண்டாம். ஈரக் காகிதத்தில் பேனா எழுதாது, எழுதினாலும் கரையும். கடினமான சூட்கேஸ் கொண்டுவராதீர்கள், அறையில் அதை வைக்க இடமிருக்காது. மடித்துச் செருகக்கூடிய துணிப்பைதான் சரி.

கப்பல் ஆட்டத்தில் வரும் குமட்டலுக்கு, வாந்தி வந்தபிறகு மாத்திரை தேடுவதில் பயனில்லை. மெக்லிசின் சாப்பிடுவதென்றால் கப்பல் கிளம்பும் முந்தின இரவே தொடங்குங்கள். ஸ்கோபோலமைன் ஒட்டு மருந்தை டாக்டர் எழுதித் தந்தால், குறைந்தது 4 மணி நேரம் முன்னதாகக் காதுக்குப் பின்னால் ஒட்ட வேண்டும். ஒன்று 3 நாள் வேலை செய்யும். ஒட்டியபின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அந்த விரலால் கண்ணைத் தொட்டால் கண்மணி விரிந்து, ஒருநாள் முழுக்கப் பார்வை மங்கிக் கிடப்பீர்கள்.

முதல் இரண்டு நாள்: கட்டிவைப்பது

துறைமுகத்தில் நிற்கும்போது பெரும்பாலும் சுமை தூக்கும் வேலைதான். வந்திறங்கும் பெட்டிகளை லேபில் அடுக்கி, எல்லாவற்றையும் கட்ட வேண்டும். இந்தக் கப்பல்களின் மேல்தளத்தில் 2 அடிக்கு ஒன்றாகத் திருகாணித் துளைகள் இருக்கும். அதில் வளைய போல்ட்டை இறக்கி, ராட்செட் பெல்ட்டால் கட்டுவார்கள். போல்ட்டை இறக்கும் முன் மரையில் ஆன்டி-சீஸ் கிரீஸ் தடவுங்கள். தடவாவிட்டால் பயணம் முடியும்போது உப்பில் இறுகி, ஆளுயரக் கம்பி போட்டுத் திருப்பினாலும் அசையாது.

கட்டியது போதுமா என்று பார்க்க ஒரு எளிய வழி உண்டு. பெட்டியை இரண்டு கையாலும் பிடித்து நான்கு திசையிலும் உலுக்குங்கள். உங்கள் பலத்துக்கே அசைந்தால், 20 டிகிரி உருளும் கப்பலில் அது ஓடும். மானிட்டர், நாற்காலி, மைக்ராஸ்கோப், காபி மெஷின் எதுவும் விதிவிலக்கு இல்லை. லேப்டாப்பை மேசையில் வழுக்காத விரிப்பு போட்டு வைப்பது துறைமுகத்துக்கு மட்டும்தான் போதும்.

கப்பல் கிளம்பியதும் தீ ஒத்திகையும் படகு ஒத்திகையும் நடக்கும். நீர்புகா மிதவை உடையை ஒரு நிமிடத்துக்குள் போடப் பழகுங்கள். உட்கார்ந்து கால்களை நுழைத்து, வலுக்குறைந்த கையை முதலில் விட்டு, தலைமூடியைப் போட்டு, கடைசியாக மற்றக் கையை நுழைப்பதுதான் வரிசை. வலுவான கையைக் கடைசிவரை வெளியே வைத்திருந்தால்தான் தலைமூடியைச் சரியாகப் போட முடியும்.

சிடிடி: வேலையின் மையம்

ஒரு பயிற்சியாளரின் நேரத்தில் பெரும்பகுதி சிடிடியோடுதான் போகும். கடல்நீரின் மின்கடத்தல், வெப்பநிலை, ஆழம் மூன்றையும் அளக்கும் கருவி இது. மின்கடத்தலிலிருந்து உப்புத்தன்மையைக் கணக்கிடுவார்கள். ஒன்றை ஒன்று சரிபார்க்க, வெப்பநிலைக்கும் மின்கடத்தலுக்கும் இரண்டிரண்டு சென்சார்கள் இருக்கும். பெரிய கப்பல்களில் இருப்பது பெரும்பாலும் சீ-பேர்ட் நிறுவனத்தின் எஸ்பிஇ 9பிளஸ். நொடிக்கு 24 தடவை அளந்து கேபிள் வழியாக மேலே அனுப்பும். மேலே லேபில் இருக்கும் பெட்டி எஸ்பிஇ 11பிளஸ், இதை டெக் யூனிட் என்பார்கள். சிடிடியைச் சுற்றி வட்டமான உலோகச் சட்டத்தில் 12 அல்லது 24 நிஸ்கின் பாட்டில்கள் நிற்கும். இந்த மொத்த அமைப்புக்கு ரொசெட் என்று பெயர். இதை ஒருமுறை கடலில் இறக்கி ஏற்றுவதுதான் ஒரு காஸ்ட். 10 லிட்டர் பாட்டில் 24 நிரம்பி வந்தால் தண்ணீர் மட்டுமே கால் டன். உருளும் கப்பலில் அந்த எடை உங்கள் தலைக்குச் சமமான உயரத்தில் தொங்கும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

*பாட்டில்களைத் திறந்து மாட்டுவது*

நிஸ்கின் பாட்டில் சாம்பல் நிற பிளாஸ்டிக் உருளை. மேலும் கீழும் மூடிகள், உள்ளே அவற்றை இழுத்து மூடும் ஸ்பிரிங். மூடிகளைத் திறந்து, அவற்றின் நைலான் கயிறுகளை நடுவிலிருக்கும் விடுகொக்கியில் மாட்ட வேண்டும். அந்தந்த ஆழத்தில் லேபிலிருந்து பொத்தானை அழுத்தினால் கொக்கி விடும், மூடி அடித்துச் சாத்தும். அடிக்கும் வேகத்தில் விரல் நடுவில் இருந்தால் எலும்பு போகும். எனவே விளிம்பில் விரலை வைக்காதீர்கள், மூடியின் வெளிப்பக்கத்தை மட்டும் பிடியுங்கள்.

1. 1ஆம் எண் பாட்டிலில் தொடங்கி வரிசையாகச் சுற்றி வாருங்கள். நடுவில் தொடங்கினால் ஒன்றை விட்டுவிடுவீர்கள்.
2. மேலே உள்ள காற்றுத் திருகை விரலால் இறுக்குங்கள். இடுக்கி வேண்டாம், கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் நசுங்கும்.
3. கீழே உள்ள குழாய்முனை மூடிய நிலையில் இருக்கிறதா பாருங்கள். பெரும்பாலான பாட்டில்களில் உள்ளே தள்ளினால் திறக்கும், வெளியே இழுத்தால் மூடும்.
4. மூடிகளின் ஓ-ரிங் அதன் பள்ளத்தில் முழுக்க உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் ஒரு சுற்றுத் தடவிப் பாருங்கள்.
5. கயிற்றைக் கொக்கியில் மாட்டியபின், அது பக்கத்துப் பாட்டிலையோ சட்டத்தையோ சுற்றாமல் நேராகப் போகிறதா பாருங்கள்.
6. முடித்தபின் இன்னொருவர் எதிர்த்திசையில் சுற்றி வந்து அத்தனையையும் மறுபடி பார்க்க வேண்டும்.

காற்றுத் திருகு திறந்திருந்தால் என்ன ஆகும்? பாட்டில் 4,000 மீட்டரில் மூடினாலும், மேலே வரும் வழியெல்லாம் அந்தத் துளை வழியாக நீர் கலந்துகொண்டே வரும். லேபில் ஆழ்கடல் நீர் என்று அளப்பது கலப்படம். இதில் மோசமான விஷயம், பாட்டிலைப் பார்த்தால் ஒன்றுமே தெரியாது.

*கம்பியின் கணக்கு*

சிடிடி தொங்குவது 0.322 அங்குலம், அதாவது 8.2 மில்லிமீட்டர் தடிமனுள்ள கேபிளில். வெளியே இரண்டு அடுக்கு எஃகுக் கம்பி, உள்ளே மூன்று செப்புக் கடத்திகள். ஏறத்தாழ 5 டன்னில் அறுந்துபோகும். 1 கிலோமீட்டர் கேபிள் தண்ணீருக்குள்ளேயே சுமார் 200 கிலோ எடையிருக்கும் என்பதால், 4 கிலோமீட்டர் விட்டால் கேபிளின் சொந்த எடை மட்டும் 800 கிலோ. வின்ச் திரையில் இழுவிசை எண் ஓடிக்கொண்டே இருக்கும், அதைப் பார்க்கப் பழகுங்கள்.

பெரும்பாலான புதியவர்கள் கேபிள் அறுவது அதிக எடையால் என்றுதான் நினைப்பார்கள். உண்மையில் மிகவும் ஆபத்தானது எடை குறைந்து பூஜ்யத்துக்கு வருவது. கப்பல் அலையில் கீழே இறங்கும்போது கேபிளும் கூடவே இறங்கும். ரொசெட் அந்த வேகத்தில் மூழ்காது, தண்ணீர் தடுக்கும். ஒரு நொடி கேபிள் தளர்ந்து ஒரு வளையம் விழும். அடுத்த நொடி கப்பல் எழும்போது அந்த வளையம் இறுகி முறுக்காகிவிடும். எஃகுக் கம்பி ஒடியும், செப்பும் கூடவே முறியும். மேலே இருக்கும் ஆழத்தில்தான் கேபிளின் எடை குறைவு என்பதால் அங்கேதான் இது நடக்கும். முதல் 100 மீட்டருக்கு நிமிடத்துக்கு 30 மீட்டர் வேகம், அதற்குப் பிறகுதான் 60 என்ற வழக்கத்துக்குக் காரணம் இதுதான். கடல் கொந்தளிப்பாக இருந்தால் 200 மீட்டர் வரைகூட மெதுவாகவே போவார்கள். வின்ச் ஆபரேட்டர் ஏன் இவ்வளவு மெதுவாக விடுகிறார் என்று முணுமுணுக்காதீர்கள்.

*கடலில் இறக்குவது*

ஹெல்மெட், லைஃப் வெஸ்ட், பூட்ஸ் மூன்றும் இல்லாமல் டெக்கில் கால் வைக்கக்கூடாது. தளத்தில் ஒருவர்தான் கைச்சைகை காட்டுவார். அவர் சொல்லாமல் எதுவும் நகராது. மூடிய முஷ்டி என்றால் நிறுத்து. அந்தச் சைகையை மட்டும் யாரும் காட்டலாம், பயிற்சியாளரும் காட்டலாம், காட்டியதற்காக யாரும் கடிந்துகொள்ளக்கூடாது.

முதலில் கப்பலை ஓட்டும் அறையான பிரிட்ஜில் அனுமதி கேட்பார்கள். கேபிள் கப்பலின் பக்கத்தில் உரசாமல் விலகி நிற்கும்படி காற்றைப் பார்த்துக் கப்பலை நிறுத்துவது அவர்கள் வேலை. சென்சார் குழாய்களில் மாட்டியிருக்கும் சிரிஞ்சுகளையும் மூடிகளையும் கழற்றுங்கள், கழற்றியவற்றை எண்ணுங்கள், எண்ணிக்கையை ரேடியோவில் உரக்கச் சொல்லுங்கள். ஒன்று விட்டுப்போனால் அந்தப் பக்கச் சென்சாருக்கு நீரே போகாது. பிறகு லேபில் டெக் யூனிட்டைப் போட்டு, பதிவைத் தொடங்கி, தளத்தில் இருக்கும்போதே அழுத்தம் என்ன காட்டுகிறது என்று குறித்துக்கொள்வார்கள். பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். பயணத்தின் நடுவில் அந்த எண் மெல்ல நகர்ந்தால் அழுத்த சென்சார் நகர்கிறது என்று அர்த்தம். குறித்துவைக்காதவருக்கு அது தெரியவே தெரியாது.

உங்களுக்குப் பெரும்பாலும் பிடிகயிறு தருவார்கள். ரொசெட் ஊசலாடாமல் இழுத்துப் பிடிக்கும் கயிறு அது. சட்டத்தின் கம்பியைச் சுற்றி இரட்டையாக வந்திருக்கும். ஒரு முனையை விட்டால் மறுமுனையை இழுத்துக் கழற்றிவிடலாம். இங்கே கவனிக்க வேண்டியவை மூன்று. கயிற்று முனையில் முடிச்சு இருக்கக்கூடாது, இருந்தால் கழற்றும்போது சட்டத்தில் சிக்கும், அந்தச் சமயத்தில் ரொசெட் கடலுக்குள் இறங்கிக்கொண்டிருக்கும். கயிற்றைக் கையில் சுற்றக்கூடாது, ஒருபோதும். தளத்தில் கயிறு கட்டும் உலோகக் கொம்பில் ஒரு சுற்றுப் போட்டுப் பிடித்தால் போதும். தரையில் கிடக்கும் வளையத்துக்குள் கால் இருக்கக்கூடாது.

நீரில் இறங்கியதும் 10 மீட்டரில் நிறுத்தி 2, 3 நிமிடம் ஊறவிடுவார்கள். சென்சார்களுக்கு நீரை இழுக்கும் பம்ப் உப்பு நீர் பட்டபின் ஒரு நிமிடம் கழித்துத்தான் ஓடத் தொடங்கும், குழாயில் மாட்டிய காற்றும் வெளியேற வேண்டும். திரையில் இரண்டு வெப்பநிலைகளும் இரண்டு உப்புத்தன்மைகளும் ஒன்றோடொன்று ஒட்டி வந்தபின், மேற்பரப்புக்குக் கொண்டுவந்து, வின்ச் எண்ணைப் பூஜ்யமாக்கி, பிறகு கீழே விடுவார்கள்.

*திரைக்கு முன்னால்*

கீழே போகும்போது லேபில் உட்காருகிறவர் பார்க்க வேண்டியது முதல் சென்சாருக்கும் இரண்டாவதுக்கும் உள்ள வித்தியாசம். ஆழ்கடலில், நீர் அமைதியாக இருக்கும் இடத்தில், வெப்பநிலை 0.001 முதல் 0.002 டிகிரிக்குள் ஒத்துப்போக வேண்டும். உப்புத்தன்மை 0.003ஐ ஒட்டி. கோளாறு வரும்போது அது எந்த விதத்தில் வருகிறது என்பதே காரணத்தைச் சொல்லிவிடும்:

ஒரு பக்கத்தில் உப்புத்தன்மையும் ஆக்சிஜனும் திடீரென்று விலகி, அதே பக்கத்து வெப்பநிலை பெரிதாக மாறாவிட்டால், குழாயில் ஏதோ சிக்கியிருக்கிறது அல்லது பம்ப் நின்றிருக்கிறது. பலநேரம் ஜெல்லி போன்ற உயிரிதான், தானாகவே போய்விடும்.

எல்லாச் சென்சாரும் ஒரே நொடியில் குத்தினால் சென்சார்கள் மேல் பழி போடாதீர்கள். கேபிள், வின்ச்சின் சுழல் இணைப்பு, கீழ்முனை இணைப்பு ஆகிய மூன்றில் ஒன்று. டெக் யூனிட்டில் பிழை எண்ணிக்கை ஏறுகிறதா பாருங்கள்.

டெக் யூனிட்டில் ஃப்யூஸ் போனால் பெரும்பாலும் கீழ்முனை இணைப்பில் கடல்நீர் புகுந்திருக்கிறது. புது ஃப்யூஸைப் போட்டு மறுபடி முயல்வதால் அது சரியாகாது.

கடலடியை நெருங்கும்போது மூன்று எண்கள் முன்னால் இருக்க வேண்டும்: கப்பலிலிருந்து ஒலியால் ஆழம் அளக்கும் எக்கோ சவுண்டர் காட்டும் ஆழம், அழுத்தத்திலிருந்து வரும் ஆழம், வெளியே விட்ட கேபிளின் நீளம். ரொசெட்டிலிருந்து கடலடிக்கு உள்ள தூரத்தை அளக்கும் ஆல்டிமீட்டர், அடியிலிருந்து 100 மீட்டருக்குள் வந்தபின்தான் நம்பும்படி பேசத் தொடங்கும். அதுவரை அது காட்டும் எண்ணை நம்பாதீர்கள். 100 மீட்டரில் வேகத்தை 30க்கும், 50 மீட்டரில் 20க்கும் குறைத்து, 10 மீட்டர் மேலே நிறுத்துவது வழக்கம். ஆல்டிமீட்டர் பேசவே இல்லையென்றால் இன்னும் கொஞ்சம் போய்ப் பார்க்கலாம் என்று இறங்காதீர்கள். நிறுத்தி, மூத்த டெக்னீஷியனைக் கூப்பிடுங்கள். எந்த நேரமானாலும் கூப்பிடுங்கள்.

பாட்டில்கள் மேலே வரும் வழியில்தான் மூடப்படும். ஒவ்வொரு ஆழத்திலும் நிறுத்தி 30 நொடியாவது காத்திருந்துதான் பொத்தானை அழுத்த வேண்டும். ரொசெட் தன்னோடு கீழிருந்து இழுத்துவந்த நீர் விலகி, அந்த ஆழத்தின் நீர் பாட்டிலுக்குள் வர அந்த நேரம் தேவை. திரையில் உறுதிச் செய்தி வந்தால் கொக்கி விட்டது என்றுதான் அர்த்தம். மூடி சாத்தியதா என்பது கப்பலில் ஏறியபின்தான் தெரியும்.

*மேலே எடுப்பது*

இறக்குவதைவிட எடுப்பதுதான் கடினம். 50 மீட்டர் வரும்போது தளத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும், 20 மீட்டரிலிருந்து தளத்தில் இருப்பவர் கண்ணால் பார்த்துச் சைகை காட்டுவார். நீளக் கழியில் கொக்கி வைத்து ரொசெட்டைப் பிடிப்பார்கள். இங்கே பெரிய ஆபத்து, வின்ச்சை நிறுத்தாமல் ரொசெட்டை மேலே உள்ள உருளையில் முட்டவிடுவது. முட்டினால் கேபிள் அறும், கருவி முழுக்கக் கடலுக்குள் போகும். அதனால்தான் ரொசெட் நீரிலிருந்து வெளியே வந்தபின் தளத்தில் யாரும் வேறு பேச்சுப் பேசுவதில்லை.

இறங்கி உட்கார்ந்து பெல்ட் கட்டியபின்தான் யாரும் கிட்டப் போகலாம். டெக் யூனிட்டை அணைத்தபின்தான் இணைப்புகளைத் தொடலாம். கேபிளில் 200 வோல்ட்டுக்கு மேல் நேர்மின்சாரம் ஓடும், ஈரக் கையோடு விளையாடக்கூடிய அளவு இல்லை.

சென்சார்களைச் சுத்தமான நீரால் கழுவி, கடத்தல் குழாய்களில் சிரிஞ்சால் நீர் நிரப்பி வையுங்கள். உப்பு உலர்ந்து படிந்தால் அடுத்த காஸ்டில் எண் நகரும். அலாஸ்கா போன்ற இடத்தில் உறையும் குளிர் இருந்தால் இது தலைகீழ். குழாயில் நீர் விட்டால் உறைந்து கண்ணாடி விரிசல் விடும். அங்கே சூடான அறைக்குள் ரொசெட்டைத் தள்ளும்வரை காத்திருக்கக்கூடாது, நீரை ஊதி வெளியேற்ற வேண்டும்.

தண்ணீர் பிடிப்பது

பாட்டிலைத் திறக்கும் முன் கசிகிறதா பாருங்கள். காற்றுத் திருகைத் திறக்காமல் கீழ்க்குழாயை மட்டும் திறங்கள். ஒரு சொட்டோடு நின்றால் நல்ல பாட்டில். தொடர்ந்து ஓடினால் எங்கோ காற்று உள்ளே போகிறது. மூடி ஓ-ரிங்கா, காற்றுத் திருகா என்று தேடி, பாட்டில் எண்ணோடு தாளில் எழுதுங்கள். அந்தப் பாட்டிலைச் சந்தேகமானது என்று குறிப்பது உங்கள் கடமை, தூக்கிப்போடுவது விஞ்ஞானியின் முடிவு.

பிடிக்கும் வரிசையை மாற்றவே கூடாது. காற்றோடு கலந்தால் கெட்டுப்போகும் வாயுக்கள் முதலில்: குளோரோஃபுளோரோ கார்பன், பிறகு கரைந்த ஆக்சிஜன், பிறகு கரைந்த கார்பன், காரத்தன்மை. சத்துப்பொருள்கள் அடுத்து, உப்பு கடைசியில். பாட்டிலைத் திறந்தவுடன் மேலே காற்று உள்ளே இறங்கத் தொடங்கிவிடும். ஆக்சிஜன் மாதிரி பத்து நிமிடம் காத்திருந்தால் அது காற்றின் ஆக்சிஜனாகிவிடும். இந்த வரிசையைக் காக்க ஒருவர் தாளோடு நிற்பார். பயிற்சியாளருக்கு அடிக்கடி கிடைக்கும் பொறுப்பு இதுதான். பேராசிரியரே முந்திக்கொண்டு வந்தாலும் நிறுத்தி வரிசையில் விட வேண்டியவர் நீங்கள்.

ஆக்சிஜன் பிடிப்பது ஒரு கைவேலை. குழாய்க்கு மெல்லிய பிளாஸ்டிக் டியூபை மாட்டி, அதில் குமிழே இல்லாமல் விரலால் தட்டி வெளியேற்றுங்கள். டியூபின் முனை குடுவையின் அடியைத் தொட வேண்டும். குடுவை நிரம்பி, அதன் கொள்ளளவைப்போல் 2, 3 மடங்கு நீர் வழிந்து ஓட வேண்டும். வழியும்போதே வெப்பநிலையை எடுத்துக் குறியுங்கள். டியூபை மெதுவாக உருவி, மாங்கனீஸ் கரைசல் 1 மில்லி, கார அயோடைடு 1 மில்லி, இரண்டையும் திரவத்துக்குள் முனையை வைத்து விட்டு, மூடியைச் சாய்த்து வையுங்கள். குலுக்குங்கள். 20, 30 நிமிடம் கழித்து மறுபடி குலுக்குங்கள். மூடிக்குக் கீழே குண்டூசித் தலையளவு குமிழ் தெரிந்தால் அந்த மாதிரி வீண், மறுபடி பிடியுங்கள்.

உப்பு மாதிரிக்கு 200 மில்லி கண்ணாடிப் பாட்டில். மூன்று தடவை அதே நீரால் மூடியோடு அலசிய பின்புதான் நிரப்ப வேண்டும், கழுத்தில் கொஞ்சம் இடம் விட்டு. விளிம்பைத் துடைக்காவிட்டால் உப்புப் படிந்து, திறக்கும்போது உள்ளே விழும். அளக்கும் ஆட்டோசால் கருவி இருக்கும் அறையில் மாதிரிகள் ஒருநாள் இருந்து அறை வெப்பத்துக்கு வர வேண்டும். அறை, கருவியின் தொட்டி வெப்பத்தைவிட ஒன்று இரண்டு டிகிரி குறைவாக இருக்க வேண்டும். அந்த அறையின் கதவை யாராவது திறந்துவைத்துவிட்டுப் போனால் மதியம் முழுக்க அளந்ததெல்லாம் ஆடும்.

கார்பன் மாதிரியைக் கெடாமல் வைக்க பாதரசக் குளோரைடு போடுவார்கள், 500 மில்லிக்கு 100 மைக்ரோலிட்டர். கடும் நஞ்சு. தனிப் பயிற்சி தராமல் அதைத் தொடச் சொன்னால் மறுத்துவிடுங்கள்.

கேபிள் முனையைப் புதுப்பிப்பது

முறுக்கு விழுந்தாலோ, பிழை எண்ணிக்கை ஏறினாலோ, கேபிளின் முனையை வெட்டி மறுபடி இணைக்க வேண்டும். பயணத்தில் ஒரு தடவையாவது வரும். நீங்கள் பெரும்பாலும் சாமான் எடுத்துத் தருவீர்கள், ஆனால் கண்ணால் கற்க இதைவிட நல்ல வேலை இல்லை.

சேதத்துக்கு அப்பால் சில மீட்டர் தள்ளி வெட்டுங்கள். கடத்திகளின் மின்தடையையும், உயர் மின்னழுத்தம் கொடுத்துச் சோதிக்கும் மெகர் கருவியால் மின்காப்பையும் சோதியுங்கள். மெகரைப் போடும் முன் இரண்டு முனையிலும் கருவிகள் கழற்றப்பட்டிருக்க வேண்டும். சிடிடி மாட்டியிருக்கும்போது 500 வோல்ட் ஏற்றினால் உள்ளே இருக்கும் மின்சுற்று போய்விடும். சால்டர் போட்ட இடத்தை ஆல்கஹாலால் துடைத்து, பசை உள்ள சுருங்கு குழாயைப் போட்டு, அதற்குமேல் தானாக ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றுவார்கள். விரலில் உள்ள எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டாத இடத்தை உண்டாக்கும். 400 பார் அழுத்தத்தில் நீர் அந்த இடத்தைத் தேடிப் பிடிக்கும். எனவே கையுறை. பிறகு இழுத்துச் சோதிக்க வேண்டும். அவசரமாக முடித்த முனைதான் அதிகாலையில் கைவிடும்.

ஓடும்போது தானாக அளப்பவை

கப்பல் நகரும்போதெல்லாம் பல கருவிகள் கேட்காமலே பதிந்துகொண்டிருக்கும். கடல்நீரைக் குழாயில் இழுத்து மேற்பரப்பு உப்பும் வெப்பமும் அளக்கும் தெர்மோசாலினோகிராஃப், நீரோட்டம் அளக்கும் டாப்ளர் கருவி, கடலடியை வரையும் மல்டிபீம், முன்கம்பத்தில் காற்றுமானி. பயிற்சியாளரின் வேலை நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை சுற்றி வந்து எண்கள் நியாயமாக இருக்கின்றனவா என்று பார்ப்பது. காற்று 0 நாட் என்று உறைந்து நின்றால் காற்று இல்லை என்று அர்த்தமில்லை, கேபிள் கழன்றிருக்கும். மேற்பரப்பு உப்பு கீழ்நோக்கி முள்முள்ளாகக் குத்தினால் குழாயில் குமிழ். கப்பலின் முன்பகுதி அலையில் அடிக்கிறது, தற்காலிகம்தான். துறைமுகத்தை நெருங்கும்போது நீரை நிறுத்த மறக்காதீர்கள், சேறும் எண்ணெயும் உள்ளே போகும்.

மல்டிபீமுக்கு ஆழத்துக்கு ஆழம் ஒலியின் வேகம் தெரிய வேண்டும். அதற்கு எக்ஸ்பிடி என்ற, நீரின் வெப்பநிலையை அளந்துகொண்டே இறங்கும், திரும்ப எடுக்காத சிறு குண்டைக் கடலில் போடுவார்கள். மெல்லிய செப்புக் கம்பி குண்டிலிருந்தும் கையிலிருக்கும் குப்பியிலிருந்தும் இரண்டு பக்கமும் அவிழ்ந்துகொண்டே போகும். டி-7 வகை 760 மீட்டர் வரை அளக்கும். காற்று படாத பக்கத்தில், பின்தளத்தில் நின்று போடுங்கள். கம்பி கப்பலின் இரும்பில் ஒருமுறை உரசினால் அதன் மேல்பூச்சு போய், வரைபடம் திடீரென்று அபத்தமான சூட்டைக் காட்டும். அப்போது யோசிக்காமல் இன்னொன்றைப் போட வேண்டியதுதான். ஒலிவேகம் தவறாக இருந்தால் மல்டிபீம் படத்தின் ஓரங்கள் சிரிப்பது போல மேலேயோ, அழுவது போலக் கீழேயோ வளையும். தட்டையான கடலடியில் அந்த வளைவைப் பார்த்தால் புது எக்ஸ்பிடிக்கு நேரம் வந்துவிட்டது.

எழுதுவது

வேலை 12 மணி நேரம், நள்ளிரவிலிருந்து நண்பகல் அல்லது நண்பகலிலிருந்து நள்ளிரவு. எல்லா நேரமும் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் எழுதுங்கள். கப்பல் நேரம் மாறிக்கொண்டே இருக்கும், உங்கள் கைக்கடிகாரம் பொய் சொல்லும்.

எழுதும் விதத்துக்கு ஒரு மாதிரி:

"03:42 யுடிசி. காஸ்ட் 17, மேலே வரும்போது 2,310 மீ. இரண்டாம் உப்பு 0.02 குறைந்தது, முதலாவது மாறவில்லை. 2,180இல் சரியானது. பாட்டில் 9 மூடும் முன் 60 நொடி காத்திருந்தோம். பாட்டில் 14: உறுதி வந்தது, கீழ்மூடி திறந்தே ஏறியது, கயிறு பாட்டில் 13இன் திருகில் சிக்கியிருந்தது. கயிறு மாற்றப்பட்டது."

"சென்சாரில் சிறு பிரச்சினை, சரியாகிவிட்டது" என்று எழுதினால் எழுதாததற்குச் சமம். இரண்டு வருடம் கழித்து அந்த டேட்டாவைத் திறக்கும் மாணவருக்கு எந்தச் சென்சார், எந்த ஆழம், எவ்வளவு நேரம் என்பது மட்டும்தான் உதவும். நீங்கள் தவறு செய்திருந்தால் அதையும் அதே சாதாரண நடையில் எழுதுங்கள். திருகைத் திறந்து விட்டுவிட்டேன் என்று எழுதியவரை யாரும் கப்பலிலிருந்து இறக்கிவிடுவதில்லை. எழுதாமல் விட்டது பின்னால் தெரியவந்தால் அடுத்த பயணத்துக்குக் கூப்பிடமாட்டார்கள்.

கரைக்குத் திரும்பும்போது

கடைசி காஸ்ட் முடிந்ததும் ரொசெட்டை முழுக்க நல்ல நீரில் கழுவி, பாட்டில்களை மூடிய நிலையில் வைக்கவும். திறந்தே வைத்தால் ஸ்பிரிங் மாதக்கணக்கில் இழுபட்டுத் தளரும். கடத்தல் குழாய்களை டிரைட்டான் என்ற சோப்பு போன்ற திரவத்தின் 1 சதவீதக் கரைசலால் அலசி, மறுபடி சுத்த நீரால் அலசி, மூடி போடுங்கள். சென்சார்களைக் கழற்றினால் ஒவ்வொன்றின் வரிசை எண்ணையும் எந்தத் தேதியில் எந்தப் பக்கத்தில் இருந்தது என்பதையும் எழுதுங்கள். அளவீட்டுச் சான்றிதழ் வரிசை எண்ணைத்தான் கேட்கும்.

டேட்டாவுக்கு இரண்டு பிரதி வேண்டும். ஒன்று தலைமை விஞ்ஞானியின் கையில், ஒன்று கப்பல் நிறுவனத்துக்கு. அமெரிக்கக் கப்பல்களில் தானாகப் பதியும் டேட்டா பிறகு ஆர்2ஆர் என்ற பொது டேட்டாக் களஞ்சியத்துக்குப் போகும். பிரதி எடுத்த டிஸ்க்கை வேறொரு கம்ப்யூட்டரில் செருகி, நடுவிலிருந்து இரண்டு கோப்புகளைத் திறந்து பாருங்கள். கோப்பு எண்ணிக்கை சரியாக இருந்தும் உள்ளே காலியாக இருந்ததுண்டு.

எல்லாம் முடிந்தபின், தீர்ந்துபோன சாமான்களின் பட்டியலை எழுதி டெக்னீஷியனின் மேசையில் வையுங்கள்: எத்தனை ஓ-ரிங், எந்த அளவு, எத்தனை மீட்டர் நைலான் கயிறு, எத்தனை எக்ஸ்பிடி. அடுத்த பயணம் சில நாளில் கிளம்பும், சாமான் வந்துசேர அதைவிட அதிக நாளாகும்.